கொழும்பைச் சுற்றி நடக்கப் போகிறவர்களுக்கு: டீச்சரின் பதில்கள்

இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்புக்கு வெளியே நடந்து வருகிறேன். பள்ளியில் படிப்பித்தது புவியியல். ஓய்வுபெற்ற பிறகும் வரைபடம் பார்க்கும் பழக்கம் விடவில்லை. நம் நடைக் குழுவில் சேர்ந்துபோன கேள்விகளுக்கு ஒரேயடியாகப் பதில் எழுதுகிறேன். மலை உச்சியில் நின்று படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதில் அதிகம் இல்லை. எனக்குப் பிடித்தவை ஆற்றோரமும் பழைய பாதையும்தான்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி: கார் இல்லை டீச்சர். ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடியதாக, ஆறும் சரித்திரமும் சேர்ந்த இடம் ஒன்று சொல்லுங்கள்.

அவிசாவளை. மருதானையில் மாறி களனிவெளி ரயிலில் ஏறுங்கள். 1990கள் வரைக்கும் இது குறுகிய பாதையில் ஓடிய சின்ன ரயில். இப்போதும் அவசரப்படாது. பொரளைப் பக்கம் கோல்ஃப் மைதானத்தின் நடுவால் போகும், ஆட்கள் மட்டையோடு நின்று வழி விடுவார்கள். வாகை ரயில் நிலையம் தாண்டினால் இரண்டு பக்கமும் இறப்பர் மரங்கள்.

அவிசாவளைதான் பழைய சீதாவக்கை இராச்சியம். 1521இல் மாயாதுன்னை தொடங்கியது, மகன் முதலாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரைக் கொழும்புக் கோட்டைக்குள் முடக்கி வைத்தது எல்லாம் இங்கிருந்துதான். சீதாவக்கை ஆற்றைக் கடந்து போனால் பெரெண்டி கோயில் வரும். பைரவருக்காக இராஜசிங்கன் தொடங்கிய கோயில், பைரவர் பெயர்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். வேலை முடியவே இல்லை. கருங்கல் மேடையும் சுவரின் அடிப்பகுதியும்தான் மிச்சம். அந்தக் கல்லில் கையை வைத்துப் பாருங்கள். உளி ஓடிய இடம் வழவழவென்றும் விட்ட இடம் சொரசொரவென்றும் இருக்கும். முழுதாக நிற்கும் எத்தனையோ கோயில்களைப் பார்த்திருக்கிறேன், இதன் முன்னால் நின்ற அளவு நேரம் வேறெங்கும் நின்றதில்லை.

பிறகு ஆற்றோரமாகவே இறங்கி நடங்கள். ஊருக்குப் பக்கத்திலேயே சீதாவக்கை ஆறு களனி கங்கையோடு சேர்கிறது. ஞாயிறில் ரயில் குறைவு, நேரத்தை முதல்நாளே பார்த்து வையுங்கள். திரும்புவதற்குப் புறக்கோட்டை பஸ் இருக்கிறது.

தெஹிவளை அம்மா ஒருவர்: ஆறு வயதும் ஒன்பது வயதுமாக இரண்டு பிள்ளைகள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் கோட்டே போங்கள். புறக்கோட்டைக்குப் பக்கத்துக் கோட்டை இல்லை, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. தமிழில் இரண்டையும் கோட்டை என்றே எழுதிவிடுவதால் வந்த குழப்பம் கொஞ்சமில்லை. எத்துல் கோட்டே என்றால் உள்கோட்டை, பிட்டகோட்டே என்றால் வெளிக்கோட்டை. பஸ்ஸின் பலகையிலேயே ஒரு இராச்சியத்தின் வரைபடம் ஓடுகிறது. பழைய மதிலின் துண்டுகள் இன்றும் வீடுகளுக்கு இடையே நிற்கின்றன. கபுக் என்கிற செம்மண் கல்லில் பாசி படர்ந்திருப்பதால் சாதாரண மண்மேடு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவீர்கள். பிள்ளைகளிடம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அவர்கள் கண்ணில் முதலில் படும்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு கதையும் சொல்லலாம். 1450 அளவில் கோட்டே அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் படையோடு யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் போன செண்பகப் பெருமாள், அதாவது சப்புமல் குமாரயா, இந்த இராச்சியத்து ஆள். நல்லூர்க் கந்தன் கோயிலில் சொல்லும் புகழ்வாசகமான கட்டியத்தில் வரும் புவனேகபாகு அவர்தான் என்று சொல்பவர்கள் பலர். அது தீராத வழக்கு.

பக்கத்திலேயே பெத்தகான ஈரநிலப் பூங்கா. சதுப்பின் மேல் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்குப் போனால் மீன்கொத்தி நிச்சயம். கொழும்புக்கு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததற்கு இந்த மாதிரிச் சதுப்புகள்தான் காரணம்.

வத்தளையிலிருந்து: ஹமில்டன் கால்வாயை முழுக்க ஒரே நாளில் நடக்கலாமா?

நீளம் 14.5 கிலோமீற்றர். நடக்கலாம், ஆனால் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெந்தளையிலிருந்து விடிய ஐந்தரைக்குத் தொடங்கினால் பமுணுகமைப் பக்கம் போகும்போது வெயில் ஏறிவிடும், நிழலோ குறைவு. பாதி நடந்து பஸ் எடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் மூன்று முறை அப்படித்தான் செய்தேன்.

1802இல் தொடங்கி 1804இல் முடித்த கால்வாய் இது. பக்கத்து முத்துராஜவெல ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் வழியாக உப்புத் தண்ணீர் ஏறி வயல் கெட்டுப்போனது. அந்த உப்பை வடிக்க வெள்ளைக்காரன் இதை வெட்டினான். வயல் திரும்பவில்லை, சதுப்புத்தான் மிஞ்சியது. இன்று நாம் பார்க்கப் போகும் கொக்குகளும் நாரைகளும் அந்தத் தோல்வியில் வாழ்கின்றன.

கொட்டாஞ்சேனை: அட்டைக்கு என்ன செய்வது?

நீளக் காலுறை, அதன் மேல் சவர்க்காரக் கட்டியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். கடித்தால் நெருப்பு வைக்காதீர்கள், உப்புக் கொட்டாதீர்கள். வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடும். மெல்லிய முனைதான் வாய். அதன் கீழே நகத்தைக் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம்.

அட்டையைவிட எனக்குப் பயம் எலிக்காய்ச்சல். காலில் வெட்டுக்காயத்தோடு வயல் சேற்றில் இறங்காதீர்கள். நடந்து சில நாளில் காய்ச்சல் வந்தால், சேற்றில் நடந்ததை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி: விலை கூடிய சப்பாத்து அவசியமா?

இல்லை. ஆனால் அலுமாரியில் இரண்டு வருடம் கிடந்ததைப் போட வேண்டாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய சப்பாத்து, ஒரு கீறல் இல்லை. வாகையில் ரயிலை விட்டு இறங்கி இருபது நிமிடத்தில் வலது காலின் அடி வாயைத் திறந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் இடது கால். பாவிக்காமல் வைத்தால் நம்முடைய ஈரக் காற்றில் அடிப்பாகத்து நுரை தானாகவே உதிர்ந்துவிடும். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு வீட்டு அம்மா சிரித்து முடித்துவிட்டு, வாழை நாரால் இரண்டையும் சுற்றிக் கட்டிவிட்டார். அந்தக் கட்டோடு நான்கு கிலோமீற்றர் நடந்தேன்.

கிருலப்பனை, இரண்டு தோழிகள்: நாங்கள் இருவர் மட்டும் போகலாமா? சிங்களம் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

போகலாம், மகள். தடுமாறும் சிங்களமே போதும். “மே பார கொஹாடத யன்னே?” (இந்தப் பாதை எங்கே போகிறது?), “யன்ன புளுவந்த?” (போகலாமா?) என்ற இரண்டும் தெரிந்தால் பாதிக் கதவு திறக்கும். வேலி போட்ட இடத்தில் கட்டாயம் கேளுங்கள். நீங்கள் பாதை என்று நினைப்பது ஒருவரின் கொல்லையாக இருக்கும். போகும் வழியை வீட்டில் எழுதி வைத்துவிட்டு, மூன்று மணிக்குள் பெரிய வீதிக்கு வந்துவிடுங்கள்.

ஹட்டன் ஊர், வேலை கொள்ளுப்பிட்டியில்: பீக்கோ ட்ரெயில் என்று எல்லோரும் பேசுகிறார்களே, நம் ஊரில் நாமே காசு செலவழித்து நடக்க என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வியில் உள்ள கோபம் நியாயம்தான், தம்பி. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகள். கொழுந்துக் கூடையோடு நம் ஆட்கள் தினமும் ஏறி இறங்கிய பாதைக்குப் பெயர்ப்பலகை வந்திருக்கிறது. ஆனாலும் லூல்கந்துரவுக்கு ஒரு முறை போங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம். அவரைப் பற்றி அங்கே படிக்கக் கிடைக்கும். அந்த 19 ஏக்கரில் வேலை செய்தவர்களைத் தேடிப் பாருங்கள், அது வேறு விதமான நடை.

நம்முடைய நீண்ட பாதை இன்னொன்று: தலைமன்னாரிலிருந்து மாத்தளை. கோப்பிக் காலத்தில் கரையிறங்கியவர்கள் காடு வழியே நடந்து, வழியிலேயே எத்தனையோ பேர் மாண்ட பாதை. மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்த ‘மலையகம் 200’ஐ ஒட்டி 2023இல் அதே வழியில் திரும்ப நடந்தார்கள். அதற்கும் பலகை வைக்கலாம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இது உங்களுக்கு இல்லை, மற்றவர்களுக்கு.

மட்டக்குளி: ரயில் பாதையோரம் நடக்கலாமா?

சட்டப்படி குற்றம். வளைவில் சத்தமும் பிந்தித்தான் கேட்கும். வேண்டாம்.

கடுவெலை: மழைக்காலத்தில் களனி ஓரம்?

கொழும்பு வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கித்துல்கலை, தெரணியகலைப் பக்கம் இரவு கொட்டினால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். 2016 மே மாத வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் ஹங்வெல்லையிலும் நாகலகம் வீதியிலும் நீர்மட்டம் பார்த்து அறிவிக்கும், அதைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். எனக்குப் பிடித்தது ஜனவரி, பெப்ரவரி. ஆறு வற்றி மணல் தெரியும், ஹங்வெல்லை விடுதி முற்றத்தில், பழைய ஒல்லாந்தர் கோட்டை இருந்த அந்த மேட்டில் நின்றால், வளைவு முழுதாகத் தெரியும். ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். சீனி வேண்டாம், கருப்பட்டி கேளுங்கள்.