செல்லோ டேப்பும் காகித ஓவியமும்: கேள்வி பதில்

கேள்வி: கிழிந்த நீர்வண்ணப் படத்தின் பின்னால் 40 வருஷத்துக்கு முன் ஒட்டிய செல்லோ டேப் தானாகவே உதிர்ந்துவிட்டது. பழுப்புப் பட்டை மட்டும் போகவில்லை. ஏன்?

பதில்: பழைய டேப்பில் இருப்பது ரப்பரும் பிசினும் கலந்த பசை. காற்று பட்டுப் பட்டு அது முதலில் இளகி, எண்ணெய்போல் காகித நாருக்குள் இறங்கும். பிறகு மஞ்சளாகி இறுகும், பிடிப்பை விடும். மேலே இருந்த படலம் உதிரும்போது பசை நாரோடு நாராகிவிட்டிருக்கும். அந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வடை சுற்றிய தாள் மாதிரி ஊடே தெரியும். இறுகிய பசை கரைப்பான்களுக்கும் எளிதில் மசியாது. கறையை முழுதாகப் போக்கித் தருவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: மேஜிக் டேப் மஞ்சளாகாது என்கிறார்களே?

பதில்: அதிலுள்ள அக்ரிலிக் பசை அவ்வளவாக மஞ்சளாகாதுதான். ஆனால் அதுவும் மெல்ல ஓரங்களில் கசிந்து தூசு பிடிக்கும். ‘அமிலமற்றது’ என்று போட்டிருந்தால் சேதமின்றி உரிக்கலாம் என்று அர்த்தமில்லை.

கேள்வி: சாக்கடல் சுருள்களிலும் (சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழங்கால யூத ஏடுகள்) டேப் ஒட்டினார்களாமே?

பதில்: ஆம். 1950களில் ஜெருசலேமில் துண்டுகளை டேப்பால்தான் இணைத்தார்கள். பெரும்பாலும் தோல் என்றாலும் கதை இதேதான்: பசை இறங்கிக் கருத்தது. அதை எடுக்கும் வேலை பல்லாண்டுகள் நீண்டது.

கேள்வி: போன வாரம் ஒட்டியதை உரிக்கலாமா?

பதில்: விலைமதிப்புள்ள படமென்றால் தொடாமல் காகிதப் பராமரிப்பு நிபுணரிடம் கொடுங்கள். சாதாரணத் தாளென்றால், ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்து, டேப்பை மேலே தூக்காமல் தன்மேலேயே மடித்துத் தாளோடு தாளாக மெதுவாக இழுங்கள். நார் எழும்பினால் உடனே நிறுத்துங்கள். தின்னர், நகப்பூச்சு நீக்கி வேண்டவே வேண்டாம். பசையைக் கரைத்து இன்னும் ஆழத்துக்கு இறக்கிவிடும், வளையக் கறை விழும், பால்பாயிண்ட் மை பரவும்.

கேள்வி: டேப்புக்குப் பதில் கிழிசலை ஒட்ட, பைண்டிங் கடையின் மயில்துத்தம் போட்ட மைதா பசை போதுமா?

பதில்: போதாது. மயில்துத்தத்தின் தாமிரம் காகிதச் சிதைவை வேகப்படுத்தும். பசையை நீங்களே காய்ச்சுங்கள்: பசையம் (குளூட்டன்) நீக்கிய கோதுமை ஸ்டார்ச் 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு. அரை மணி ஊறவைத்து, சிறு தீயில் 20–30 நிமிடம் விடாமல் கிளறுங்கள். ஆறியதும் சல்லடையில் தேய்த்து, கடைந்த தயிர் பதத்துக்குத் தண்ணீர் சேருங்கள். நீண்ட நாருள்ள மெல்லிய ஜப்பானிய கோசோ தாளில் நனைத்த தூரிகையால் கோடு இழுத்து, கோட்டோடு கிழியுங்கள், கத்தரிக்கக் கூடாது. ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருந்தால்தான் மேடு தட்டாது. பசையை மெலிதாகத் தடவிப் பின்பக்கம் ஒட்டி, மேலே பாலியெஸ்டர் வலைத்துணி, உறிஞ்சுதாள், அதன்மேல் எடை வைத்து ஓர் இரவு விடுங்கள். நீர்வண்ணம் கலங்கும், அதனால் பசையில் ஈரம் மிகக் குறைவாக இருக்கட்டும். பின்னாளில் பிரிக்க வேண்டுமானால் இலேசான ஈரமே போதும்.