மூசை ஏன் இவ்ளோ சீக்கிரம் விரிசல் விடுது?

கேள்வி: வீட்டுக்குப் பின்னாடி சின்ன உலை வச்சு பழைய அலுமினிய பிஸ்டன், ஸ்கூட்டர் பார்ட்ஸ் எல்லாம் உருக்கி கப்பி வார்க்குறேன்ண்ணா. முதல்ல இரும்பு பைப்புக்கு அடி வெல்டிங் பண்ணி அதுல உருக்குனேன். அப்புறம் கிராஃபைட் மூசை (மெட்டல் உருக்குற பாத்திரம்) வாங்குனா மூணாவது தடவையே விரிசல் விட்டுருச்சு. திரும்ப இரும்புக்கே போயிரலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போயிராதீங்க தம்பி. அலுமினியம் 660 டிகிரில உருகிரும், இரும்பு உருக 1500 கிட்ட வேணும், அதனால இரும்பு தாங்கும்னுதான் எல்லாரும் நெனைக்கிறோம், ஆனா உருகுன அலுமினியம் இரும்பை கொஞ்சங்கொஞ்சமா கரைச்சு தனக்குள்ள இழுத்துக்கும். வார்ப்பு மொறுமொறுன்னு உடையும், பைப் சுவரும் உள்ளுக்குள்ளயே மெலிஞ்சுட்டு வந்து ஒருநாள் அடி கழண்டு மொத்தமும் உலைக்குள்ள கொட்டிரும்.

களிமண் கலந்த கிராஃபைட் மூசையே போதும். சிலிக்கான் கார்பைடு மூசை வெல கூட, ஆனா அடிக்கடி உருக்குறவங்களுக்கு நல்லா உழைக்கும். மூசை மேல போட்டிருக்கிற நம்பர் பெரும்பாலும் எத்தனை கிலோ பித்தளை கொள்ளும்ங்கிற கணக்கு, அலுமினியம் எடை கம்மிங்கிறதால 6ஆம் நம்பர்ல அலுமினியம் சுமார் 2 கிலோதான் கொள்ளும். வாங்குறப்போ பானை வாங்குற மாதிரி சுண்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும், கட்டையா கேட்டா வச்சுட்டு வந்துருங்க.

உங்க மூசை போனதுக்கு எனக்கு முதல் சந்தேகம் ஓதம். மழைக்காலத்துல சிமெண்டுத் தரையில வச்சிருந்த ஒரு மூசைய எடுத்து நேரா முழுத் தீயில வச்சேன், உள்ள இருந்த ஈரம் ஆவியாகி பக்கவாட்டுல ஒரு சில்லு பேத்துக்கிட்டு போயிருச்சு, அன்னைக்கு பட்ட வருத்தம் இன்னும் இருக்கு. அதுல இருந்து பலகை மேலதான் வைக்கிறேன். புது மூசைன்னா மெட்டல் போடாம வெறுமனே வச்சு 200 டிகிரி வரைக்கும் மெதுவா ஏத்தி ஒரு ரெண்டு மணி நேரம் காய விட்டு அப்புறம்தான் சிவக்க விடணும், பர்னர் தீயும் மூசை மேல நேரா அடிக்காம சுத்திட்டு போற மாதிரி திருப்பி வைங்க.

அடுத்த சந்தேகம் கொறடு. வாய் விளிம்பைக் கவ்வித் தூக்குறீங்களா? சூட்டுல அது தாங்காது, வயித்துக்குக் கீழ ரெண்டு பக்கமும் அணைச்சுப் பிடிக்கிற கொறடு அந்த மூசை அளவுக்கே செஞ்சுக்கங்க. பிஸ்டனை உள்ள இறுக்கித் திணிக்காதீங்க, சூடாகி விரியுறப்போ சுவரைத்தான் தள்ளும். மிச்ச மெட்டலை மூசைக்குள்ளயே உறைய விடுறதும் அதே கதைதான், அடுத்த தடவை சூடேத்துறப்போ அந்தக் கட்டி விரிஞ்சு மூசைய உடைக்கும், அதனால சூடா இருக்கப்பவே முழுசா ஊத்திட்டு கசடையும் மெதுவா வழிச்சு எடுத்துருங்க.

கேள்வி: விரிசல் விட்ட மூசைய ஃபயர் சிமெண்டு பூசி ஓட்டலாமா?
– அதே வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். ரெண்டு கிலோ உருகுன மெட்டலோட அது கொறட்டுல தொங்குறப்போ பிளந்தா உங்க கால்லதான் விழும். இன்னைக்கே உடைச்சுப் போட்டுருங்க, இல்லாட்டி யாராவது நல்ல மூசைன்னு எடுத்து உலையில வச்சுருவாங்க. அடுத்த மூசை வர்றதுக்குள்ள ஊத்துற இடத்துல காஞ்ச மணலை ஒரு ஜாண் கனத்துக்குப் பரப்பி வைங்க, வெறும் சிமெண்டுத் தரையில மெட்டல் சிந்துனா தரைக்குள்ள இருக்கிற ஈரமே வெடிச்சுத் தெறிக்கும்.