செருப்பு நழுவியதே அப்பாவுக்குத் தெரியவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. ஆரணியில் பட்டு நெசவாளர். 16 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மூன்று மாத சராசரி (ஹெச்பிஏ1சி) இப்போது 7.4. எதிர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரைப் புண்ணால் போன மாதம் கால் விரலை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து எனக்குப் பயம். அப்பாவோ, ‘எனக்குக் காலில் வலியே கிடையாது, சுகரும் கட்டுக்குள் இருக்கு, சும்மா இரு’ என்கிறார். வலது பெருவிரலுக்குக் கீழே அவருக்குக் காய்ப்பு உண்டு. அதை பிளேடால் சீவிக்கொள்வார். இரண்டு வருடத்துக்கு முன் அதே இடத்தில் ஒரு புண் வந்து ஆறிவிட்டது. கண்ணில் லேசர் சிகிச்சையும் செய்திருக்கிறோம். போன வாரம் கடைக்குப் போனவர், ஒரு கால் செருப்பு வழியில் நழுவியது தெரியாமலேயே வீடு வந்து சேர்ந்தார். எல்லோரும் சிரித்தோம். சர்க்கரை உள்ள எல்லோருக்கும் காலில் புண் வருமா? யாருக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? கார்த்திகை தீபத்துக்கு வெறுங்காலில் கிரிவலம் போக வேண்டும் என்கிறார். அனுப்பலாமா?
- ஒரு வாசகி, ஆரணி

பதில்: எல்லோருக்கும் வராது. சர்க்கரை நோயாளிகள் நூறு பேரை எடுத்துக்கொண்டால், வாழ்நாளில் ஒருமுறையாவது காலில் புண் வருவது சுமார் 19 முதல் 34 பேருக்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். யாருக்கு வரும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே சொல்லிவிடவும் முடியும். உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதிய கடிதமே பாதிப் பரிசோதனையை முடித்துவிட்டது. அவர் ஆபத்து அதிகமுள்ள பிரிவில் இருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதிய செருப்பு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். செருப்பு காலில் இருக்கிறதா என்பதை நாம் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பாதமே சொல்லிவிடும். அது சொல்லவில்லை என்றால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போயிருக்கின்றன என்று அர்த்தம். ‘வலியே கிடையாது’ என்று அப்பா தைரியமாகச் சொல்கிறாரே, அந்த வார்த்தைதான் எனக்குக் கவலை தருகிறது. நரம்பு பாதித்தவர்களில் சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சு மேல் நடப்பது போன்ற மதமதப்பு எல்லாம் இருக்கும். அவர்கள் தாங்களாகவே மருத்துவரிடம் வந்துவிடுவார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமல் உணர்ச்சி மட்டும் போனவர்கள்தான் கடைசியில், புண்ணோடு வந்து நிற்பார்கள்.

சரி, மரத்துப்போனால் மட்டும் புண் வந்துவிடுமா? வராது. அந்தக் காலில் ஏதாவது ஒன்று தொடர்ந்து அழுத்த வேண்டும். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதங்களை வருடக்கணக்கில் கவனித்து அவர் எடுத்துச் சொன்ன விஷயம் இது: பெரிய அடி பட்டுத்தான் புண் வர வேண்டும் என்பதில்லை, சாதாரண அழுத்தமே ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழுந்தால் போதும். உணர்ச்சியுள்ள நாம் கால் வலித்தால் நம்மை அறியாமலே நடையை மாற்றி, எடையை வேறு பக்கம் தள்ளிவிடுவோம். மரத்த கால் அப்படிச் செய்யாது. அமெரிக்காவுக்குப் போன பிறகு இதே பாடத்தை அவர் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பொருத்திக் காட்டினார்.

இப்போது உங்கள் அப்பாவின் வேலையை யோசித்துப் பாருங்கள். குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க வெறுங்காலால் மிதியை அழுத்துகிறார். அழுத்தம் விழுவது பெரும்பாலும் பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில். காய்ப்பு வந்த இடமும் அதுதான், பழைய புண் வந்த இடமும் அதுதான். தோல் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் தடிக்கிறது. ஆனால் தடித்த தோலே பிறகு செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி உள்சதையை நசுக்கும். காய்ப்புக்குள் கருநீலமாக ரத்தக் கறை தெரிந்தால் அடியில் புண் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே காய்ப்பைச் சீவி எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் கால் பராமரிப்பில் பயிற்சி பெற்றவர். பார்வை குறைந்து, உணர்ச்சியும் போன ஒருவர் தன் பாதத்தில் தானே பிளேடு வைப்பது எப்படி முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் கால் ஆணி பிளாஸ்திரியும் வேண்டாம். அதிலுள்ள அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது.

‘புண் வந்து ஆறிவிட்டது’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எங்கள் கணக்கில் எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்துக் காரணி அதுதான். ஒருமுறை புண் வந்து ஆறியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி வருகிறது. புண் ஆறினாலும், அதைக் கொண்டுவந்த மரத்த காலும் அதே மிதியும் அதே செருப்பும் அப்படியே இருக்கின்றன, இல்லையா?

ஹெச்பிஏ1சி 7.4 என்பது அந்த வயதுக்கு மோசமில்லை. ஆனால் போன நரம்பை அது திருப்பிக் கொண்டுவராது. முந்தைய வருடங்களின் சர்க்கரை செய்த சேதம் காலில் தங்கிவிட்டது. அப்பா மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுத்துவந்தால் ரத்தத்தில் பி12 அளவையும் ஒருமுறை பாருங்கள். அது குறைந்தாலும் நரம்பு கெடும், அதற்கு மருந்து உண்டு. கண்ணில் லேசர் வரை போயிருக்கிறது என்றால் சிறுநீரகத்தையும் பார்த்துவிட வேண்டும். டயாலிசிஸ் நிலைக்குப் போன சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் புண்ணும் விரல் இழப்பும் அதிகம்.

அப்புறம் ரத்த ஓட்டம். பீடி, சிகரெட் பழக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ரத்தக்குழாய் அடைத்தவர்களுக்கு நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும் என்பார்கள். மரத்த காலில் அந்த எச்சரிக்கையும் கேட்காமல் போகலாம். பாதத்தில் நாடி கிடைக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்ப்பார். தேவைப்பட்டால் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 0.9-க்குக் கீழே வந்தால் ஓட்டம் குறைவு. நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்து இந்த எண் பொய்யாக நன்றாகத் தெரிவதும் உண்டு. அப்போது கால்விரலில் அளந்து பார்ப்பார்கள்.

உணர்ச்சியை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து மருத்துவர்கள் வகுத்த எளிய முறை இது. அப்பாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொடுவது தெரிந்தால் ‘வலது’, ‘இடது’ என்று சொல்ல வேண்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவர் கால்விரல் நுனியை ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, ஒரே விரலை இரண்டாம் முறை தொடக் கூடாது. ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல், ஆக மொத்தம் ஆறு இடம். இரண்டு அல்லது அதற்கு மேல் தவறவிட்டால் கால் மரத்துவிட்டது. அவர் எத்தனை விடுகிறார் என்று பார்த்தால் ‘சும்மா இரு’ என்று சொல்லமாட்டார். மருத்துவமனையில் பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை வைத்து இதையே உறுதிசெய்வார்கள். கால் மரத்திருப்பது உறுதியானால், பழைய புண்ணும் இருப்பதால், ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் பாதத்தைக் காட்டியாக வேண்டும்.

போகும்போது செருப்பையும் உள்ளே எடுத்துப்போங்கள். நம் ஊரில் மருத்துவர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வருவது மரியாதை. எனக்கென்னவோ, நோயாளிக்கு முன்னால் அவர் செருப்பைப் பார்த்துவிட்டால் தேவலை என்று தோன்றும். தேய்ந்த இடம், உள்ளே ஏறிய ஆணி, விரலிடுக்கில் அறுக்கும் வார் எல்லாம் அதில் தெரியும். அப்பாவுக்குப் பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு வேண்டும். வேலூரில் தொழுநோயாளிகளுக்காக வடிவமைத்த மெத்தென்ற ரப்பர் செருப்பு அது. இப்போது சர்க்கரைக் கால்களுக்கும் அதையே எழுதிக்கொடுக்கிறோம். வீட்டுக்குள்ளும் போட வேண்டும். தறியில் உட்காரும்போது பாதத்துக்கு என்ன அணியலாம், மிதிக்கு மெத்தை வைக்கலாமா என்றும் கேளுங்கள். நெசவாளர் என்று நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

தினமும் இரவில் பாதத்தைப் பார்ப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். கண் சரியில்லாதவர் தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு, கொப்புளம், புதிதாகச் சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீர் ஒத்தடமும் வெந்நீரில் கால் வைப்பதும் வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். சீழ், துர்நாற்றம், விரல் கறுத்தல், காய்ச்சல் என்று எது வந்தாலும் அன்றைக்கே போங்கள். வலியில்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். நடக்கவிடாமல் கூட்டிப்போங்கள்.

கிரிவலம் 14 கிலோமீட்டர். வெறுங்காலில் வேண்டவே வேண்டாம். இரவு நேரம், கூட்டம், வழியில் முள்ளும் கண்ணாடித் துண்டும். ஏதாவது குத்தினால் வீட்டுக்கு வந்து நீங்கள் ரத்தத்தைப் பார்க்கும்வரை அவருக்குத் தெரியாது. புதுச் செருப்போடும் இந்த வருடம் முழுச் சுற்று வேண்டாம். முதலில் காலைக் காட்டட்டும், காய்ப்பை எடுக்கட்டும், சில மாதம் புண் வராமல் இருக்கட்டும், பிறகு மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம். தீபத்தன்று அவரை ஆரணியிலிருந்து வண்டியில் கூட்டிப்போய், கூட்டம் குறைந்த ஓரிடத்தில் நின்று மலை உச்சித் தீபத்தைக் காட்டிவிட்டுத் திரும்புங்கள். கிளம்பும் முன் செருப்பின் பின்வார் மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.