காது கேளாத இளைஞர்களைக் காட்டு வேலைக்கு அழைத்துச் செல்லலாமா? கூடலூர் எல்லையிலிருந்து ஒரு பதில்

கேள்வி கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். அமெரிக்காவில் மினசோட்டா போன்ற இடங்களில் காது கேளாத இளைஞர்களும் சேர்ந்த காடு பராமரிப்புக் குழுக்கள் சைகை மொழியில் இயங்குவதாகப் படித்திருக்கிறார். கூடலூர்–வயநாடு எல்லையில் அப்படி ஒன்றைத் தொடங்கினால் ஆபத்தாகிவிடாதா, தமக்குச் சைகை மொழி அரைகுறையாகத்தான் தெரியும், அது போதுமா என்று கேட்கிறார்.

போதாது. ஆனாலும் தொடங்கலாம், உங்களைவிட நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரைத் தலைமைக்கு வைத்துக்கொண்டால்.

நான் பிறவியிலேயே காது கேளாதவள். பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தேன். காட்டில் களையாகப் பரவும் உண்ணிச்செடியை (லண்டானா) பிடுங்கும் குழு ஒன்றைக் கொஞ்ச காலமாக நடத்தி வருகிறேன். கூடலூர், சேரம்பாடி, அய்யன்கொல்லிப் பிள்ளைகளோடு எல்லைக்கு அப்பால் சுல்தான் பத்தேரியிலிருந்தும் சிலர் வருகிறார்கள். அவர்களுடைய பெற்றோர்கள் தமிழும் மலையாளமும் கலந்து ஒருவரோடொருவர் தடுமாறிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் பேசி முடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இந்தியச் சைகை மொழியில் ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறும். அரை நாளில் சரியாகிவிடும்.

அமெரிக்காவில் இளைஞர்களைக் காட்டு வேலைக்கு அனுப்பும் வழக்கத்துக்கு வேர் பழையது. 1933இல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் தொடங்கிய குடிமக்கள் இயற்கைப் பாதுகாப்புப் படை (Civilian Conservation Corps), 1942 வரை சுமார் 30 லட்சம் இளைஞர்களை மரம் நடவும் பாதை போடவும் அனுப்பியது. இன்றைய இளைஞர் குழுக்கள் அதன் வழியில் வந்தவை. அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அப்படியே இங்கே கொண்டுவர முடியாததும் இருக்கிறது. அமெரிக்கச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை ஒரே கையால் காட்டிவிடலாம். நமக்கு எழுத்துக்கு இரண்டு கையும் வேண்டும். வெட்டுக்கத்தியைப் பிடித்திருப்பவன் தன் பெயரைக்கூட எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியாது. கத்தியோடு கையை ஆட்டி ஒற்றைக் கையால் பேச முயல்வான், அது இன்னும் மோசம். ஆகவே எங்கள் குழுவின் முதல் சட்டம்: கருவியைத் தரையில் வைத்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். வாய் என்று கையைத்தான் சொல்கிறேன்.

இதனால் வேலை தடைப்படாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காது கேட்பவர்கள் வெட்டிக்கொண்டே பேசுவார்கள், பேசிக்கொண்டே வெட்டுவார்கள். எங்களுக்கு வேலை நேரம் வேறு, பேச்சு நேரம் வேறு. அரைமணிக்கு ஒருமுறை எல்லோரும் நிமிர்ந்து, கருவியை வைத்து, கூடிப் பேசிவிட்டுத் திரும்புவோம். சோற்று நேரத்தையும் நீளமாக வையுங்கள். கையில் பிசைந்த சோறு இருக்கும்வரை ஒருவரும் பேச முடியாது. சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் அவர்களுடைய சாப்பாட்டு அரட்டை ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் 'எழுந்திருங்கள்' என்று விரட்டும் ஆசிரியரை அவர்களுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

பேச நிற்கும்போது அரைவட்டமாக நில்லுங்கள். வெயில் உங்கள் முகத்தில் அடிக்கட்டும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றால் உங்கள் முகமும் கையும் வெறும் நிழலாகத்தான் தெரியும். சைகை மொழியில் புருவமும் உதடும் இலக்கணம். முகத்தை மூடும் துணி, கன்னம்வரை இறங்கும் தொப்பி எதுவும் வேண்டாம். கட்டம், கோடு போட்ட சட்டையும் வேண்டாம். ஒரே நிறத்தில், உங்கள் கையின் நிறத்திலிருந்து விலகித் தெரிகிற சட்டை போடுங்கள்.

வனக்காவலர் ஒருவர் வந்து செடியை எப்படி வெட்டுவது என்று காட்டுவார். பேசிக்கொண்டே வெட்டுவார், பேசிக்கொண்டே திரும்பி நடக்கவும் செய்வார். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று கையை அசைப்பார். பிள்ளைகள் எதைப் பார்ப்பது? கத்தியையா, கையையா? கண் ஒன்றில்தான் நிற்கும். காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முதலில் பேசாமல் செய்து காட்டுங்கள், பிறகு கத்தியை வைத்துவிட்டு விளக்குங்கள், பிறகு மறுபடியும் செய்து காட்டுங்கள். இது காது கேட்கும் தொண்டர்களுக்கும் உதவும்.

அதன் பிறகு 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். வாழ்நாள் முழுவதும் புரியாத பேச்சுக்குத் தலையாட்டித் தப்பித்த பிள்ளைகள் அவர்கள். பள்ளிக்கே சரியாகப் போகாத, வீட்டில் சோறு, தண்ணீர், வா, போ என்பதற்கு மேல் சைகையே இல்லாத பையன்களும் வருவார்கள். அகராதியைப் பார்த்து நீங்கள் கற்றுக்கொண்ட சைகை அவர்களுக்குப் பாதிகூடப் போய்ச் சேராது. அவர்களிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு செடியைச் சரியாகப் பிடுங்கிய பிறகே அடுத்த செடிக்கு விடுங்கள். இந்த இடத்தில்தான் காது கேளாத பெரியவர் ஒருவர் தலைமையில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். மொழி இல்லாத பையனிடம் உடம்பையே மொழியாக்கிப் பேச எங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் நாங்களும் அப்படித்தான் பேசினோம்.

மொழிபெயர்ப்பாளரைத் தலைவராக்கிவிடாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது. வனத்துறையோடு பேசவும் பெற்றோரோடு பேசவும் அவர் வேண்டும். இந்தியச் சைகை மொழி மொழிபெயர்ப்பில் டிப்ளமோ முடித்தவர்கள் கிடைத்தால் நல்லது. ஆனால் 'இங்கே வெட்டு, அங்கே நில்' என்ற கட்டளை காது கேளாதவர் கையிலிருந்து வர வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் காது கேட்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி 2021இல் 10,000 சொற்களை எட்டியது. வீடியோக்கள் இணையத்தில் இலவசம். உங்கள் அரைகுறையை அதைப் பார்த்து முக்கால் ஆக்கிக்கொள்ளுங்கள். காட்டுச் செடிகளுக்கெல்லாம் அதில் சைகை தேட வேண்டாம், பிள்ளைகளே முதல் நாளில் உண்டாக்கிவிடுவார்கள்.

இனி ஆபத்து. கையையும் கருவியையும் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினால் வரும் வட்டத்துக்குள் வேறு யாரும் வரக்கூடாது. இது எந்தக் குழுவுக்கும் பொது. எங்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. வெட்டிக்கொண்டிருப்பவனைப் பின்னாலிருந்து தொடவே கூடாது. வட்டத்துக்கு வெளியே சுற்றி முன்னால் வந்து, கையை அசைத்து, அவன் கருவியை இறக்கும்வரை காத்திருக்க வேண்டும். வகுப்பறையில் தரையை மிதித்துக் கூப்பிடுவோமே, அது மரப்பலகைத் தளத்தில் நடக்கும். இலை மக்கிய காட்டு மண்ணில் குதித்தாலும் யாருக்கும் தெரியாது. ஆகவே ஒருவர் வெட்டாமல் நின்று பார்ப்பதற்கென்றே இருப்பார். முறை வைத்து மாற்றுவோம். அவர் கையில் செம்மஞ்சள் கொடி. கொடி உயர்ந்ததைப் பார்த்தவர் தன் எதிரே இருப்பவருக்குக் கை அசைப்பார், அவர் அடுத்தவருக்கு. இப்படிச் சங்கிலியாகப் போக வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் இன்னொருவர் கண்ணில் பட்டபடியே வேலை செய்ய வேண்டும். புதர் மறைத்தால் முதலில் அந்தப் புதரைத்தான் வெட்டுவோம். விசிலையும் வைத்துக்கொள்ளுங்கள். வழி தவறினால் தேடி வருபவர் காது கேட்பவராக இருப்பார்.

யானையைப் பற்றித்தான் உங்களுக்குப் பெரிய பயம். எனக்கும் உண்டு. கூடலூரில் பிறந்தவர் யாருக்கு இல்லை? காலை வெயில் ஏறிய பிறகு தொடங்கி, மாலை நான்குக்கு முன் சாலைக்கு வந்துவிடுவோம். முதலில் பக்கத்து ஊர்க் காட்டுநாயக்கர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். புதுச் சாணம், ஒடிந்த மூங்கில், நசுங்கிய புல், வாடை. இவற்றைப் படிக்கக் காது தேவையில்லை. கிளை ஒடியும் சத்தம் காது கேட்பவருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் யானை சத்தமில்லாமலும் வரும் என்பதை இந்த ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அது தன் இனத்தோடு பேசுவதில் ஒரு பகுதி மனிதக் காதுக்கே எட்டாத தாழ்ந்த ஒலி. 1980களில் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லந்து உயிரியல் பூங்காவில் இருந்த ஆசிய யானைகளிடம் அதைக் கண்டுபிடித்தார். அந்த விஷயத்தில் நீங்களும் நாங்களும் ஒன்றுதான். குளவியைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். உண்ணிப் புதருக்குள் கூடு இருந்தால் ரீங்காரம் எங்களுக்கு எச்சரிக்கை தராது. ஒவ்வொரு புதரையும் வெட்டுமுன் நீளக் கம்பால் விலக்கிப் பார்ப்பது கட்டாயம்.

கையுறை வேண்டும், உண்ணிச்செடியின் முள் கிழித்துவிடும். ஒரே இழுப்பில் கழற்றக்கூடியதாக வாங்குங்கள். விரலில் கட்டுப் போட்டால் எங்களுக்குப் பேச்சே திக்கும். மழையில் குடை உதவாது, ஒரு கை போய்விடும். தேயிலை பறிக்கும் பெண்களைப் போலத் தலையிலிருந்து முதுகுவரை பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொள்வோம். காது கேட்கும் கருவியோ அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவியின் வெளிப்பகுதியோ வைத்திருப்பவர்கள் வியர்வையிலும் மழையிலும் அதைக் கழற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கட்டும். அது இருக்கிறது என்ற தைரியத்தில் அவர்களைத் தனியாக எங்கும் அனுப்பாதீர்கள்.

அவசரத்துக்குப் பேசுவதற்கென்றே காது கேட்கும் ஒருவர் போனோடு உடன் இருக்க வேண்டும். எல்லையில் போன் சில சமயம் கேரளக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது 108 அழைப்பு அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம். உள்ளூர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் எண்ணைத் தாளில் எழுதி வைத்திருங்கள். கூடலூர் ஆஸ்பத்திரி அருகிலா, பத்தேரி அருகிலா என்பதை வேலையிடத்துக்கு ஏற்ப முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கூலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். இதைச் சேவை என்று சொல்லி இலவசமாக வாங்காதீர்கள். ஒருமுறை ஒரு தோட்ட நிர்வாகம் எங்களை அழைத்து, பேனர் கட்டி, படம் பிடித்து, பிஸ்கட் கொடுத்து அனுப்பியது. பக்கத்துச் சரிவில் அதே களையை எடுத்த ஆட்களுக்கு நாள் கூலி. அதன் பிறகு தொகையை எழுத்தில் வாங்காமல் நாங்கள் கத்தியைத் தொடுவதில்லை.

வேலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இந்தியாவின் புலிக்காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல் உண்ணிச்செடி பரவியிருப்பதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மேலே வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபுவும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய முறையில், மண்ணுக்குள் ஓரிரு அங்குலம் கீழே தூரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். தண்டை எரிக்காதீர்கள், கூடலூரில் அதைக் கொண்டு யானைச் சிற்பமே செய்கிறார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளோ காப்புக் காட்டுக்குள்ளோ அனுமதி இல்லாமல் காலெடுத்து வைக்கக்கூடாது. முதல் வருடம் தோட்டத்து ஓரம், ஓடைக்கரை, பள்ளி நிலம் என்று தொடங்குங்கள்.

மண் ஈரமாக இருக்கும் அக்டோபர் முதல் ஜனவரிக்குள் முடித்துவிடுங்கள். பிப்ரவரிக்கு மேல் தீப்பருவம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் நடந்தது தெரியும் அல்லவா? ஜூன் மழையில் வெட்டிய இடத்தில் நம் ஊர்ப் புல்லையும் மரக்கன்றையும் நட வேண்டும். பறவைகள் பழத்தைத் தின்று எச்சத்தில் விதையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டேதான் இருக்கும், அதனால் மழை முடிந்ததும் முளைத்த நாற்றுகளைப் பிடுங்க மீண்டும் வர வேண்டும். இரண்டு வருடமாவது இப்படி வர வேண்டியிருக்கும். முடிந்தவரை அதே பிள்ளைகளை அழைத்து வாருங்கள். அவர்களுடைய பஸ் செலவையும் கூலியையும் இப்போதே திட்டத்தில் எழுதிவிடுங்கள், பணம் கொடுப்பவர்கள் முதலில் அடிப்பது அந்த வரியைத்தான்.