சமூக வலைத்தளத்தில் சின்னப் பதிவுகளைப் பலன் தருகிற மாதிரி எழுதுவது எப்படி?

ரத்தம் கேட்டு வரும் பதிவுகளை உட்கார்ந்து படித்துப் பாருங்கள், எப்படி எழுத வேண்டும், எப்படி எழுதக் கூடாது என்கிற இரண்டுமே அதில் இருக்கிறது. "நண்பர்களே, மிகுந்த மன வேதனையோடு இதைப் பதிவிடுகிறேன், தயவுசெய்து கடந்து போய்விடாதீர்கள், அதிகம் பகிருங்கள்" என்று ஆரம்பிக்கும் பதிவில் எந்த ஊர், எந்த குரூப் என்பது நாலாவது வரிக்கு அப்புறம்தான் வரும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நீளமான பதிவின் மேல் பகுதி மட்டும்தான் முதலில் தெரியும், மிச்சத்தைப் படிக்க ஒரு முறை தட்ட வேண்டும், நிறையப் பேர் தட்டுவதே இல்லை.

அதையே இப்படி எழுதலாம்: "மதுரை பெரியாஸ்பத்திரி, ஓ நெகட்டிவ் 2 யூனிட், ஜூன் 12 மாலை 4 மணிக்குள் வேண்டும். பிரசவ வார்டு. அழைக்க, நோயாளியின் அண்ணன்:" அப்புறம் எண். மதுரையில் இருப்பவர் முதல் சொல்லிலேயே நின்றுவிடுவார், ஓ நெகட்டிவ் உள்ளவருக்கு அதே வரியிலேயே இது தனக்கானது என்று தெரிந்துவிடும்.

தேதியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். "இன்று மாலைக்குள்" என்று எழுதினால், வாட்ஸப்பில் அது சுற்றும் ஒவ்வொரு நாளும் 'இன்று'தான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் இது பெரிய சிக்கலாக இருந்தது. முடிச்சூர், கோட்டூர்புரம், சைதாப்பேட்டை என்று ட்விட்டர் முழுக்க உதவி கேட்ட பதிவுகள், மீட்கப்பட்டவர்களுக்கான பழைய பதிவுகளும் கூடவே சுற்றிக்கொண்டிருந்தன, எந்தக் கோரிக்கைக்கு இன்னும் உதவி தேவை என்று பார்ப்பதே தன்னார்வலர்களுக்குத் தனி வேலை. தேதியும் நேரமும் தெருப்பெயரும் இருந்த பதிவை உடனே சரிபார்க்க முடிந்தது. பதிவு உங்கள் கையைவிட்டுப் போனபின் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள், அதனால் தேவையானது எல்லாம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் நான் பிடிவாதமாகச் சொல்வது. கடைத் திறப்பு, இலக்கியக் கூட்டம், வேலை வாய்ப்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

நீளம் பற்றி ஒன்று. எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் காசு கட்டாதவர்களுக்கு 280 எழுத்து (2017 வரை 140தான்), ஆனால் தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "ரத்தம்" நமக்கு 4 எழுத்து, அங்கே 6. ஆகவே வணக்கம், வேண்டுகோள், உருக்கம் எல்லாவற்றையும் தயங்காமல் வெட்டுங்கள். படிப்பவருக்கு இரக்கம் இல்லாமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், "பிரசவ வார்டு" என்ற இரண்டு சொல்லே போதும்.

விவரத்தை வண்ணப் படமாகச் செய்து போடுவதும் எனக்குப் பிடிக்காது. படத்தில் உள்ள எண்ணைப் பல போன்களில் நேரடியாகத் தட்டி அழைக்க முடியாது, பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பல நேரம் அதைச் சரியாகப் படிக்காது. படம் போட்டே ஆகவேண்டும் என்றால் அதே விவரத்தை மேலே எழுத்திலும் போடுங்கள். தேவை முடிந்ததும் பதிவின் முதல் வரியிலேயே "ரத்தம் கிடைத்துவிட்டது, ஜூன் 12 மதியம்" என்று சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த அண்ணனின் போன் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டே இருக்கும்.