மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியான முகாமுக்குப் போகலாமா?

கேள்வி: மனச்சோர்வுக்கு நான்கு மாதமாக மாத்திரை எடுக்கிறேன். இப்போது பரவாயில்லை. பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குக் கூப்பிடுகிறார்கள். மாத்திரையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டுமாம். போகலாமா?

பதில்: வேண்டாம். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் மாத்திரை தொடர வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். 'உள்ளே இருக்கும் நஞ்சு வெளியேறுகிறது' என்று முகாம்காரர்கள் விளக்கம் சொல்வார்கள். நஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை. மருந்தைத் திடீரென நிறுத்தியதன் விளைவு அது.

தியானம் வீண் என்று சொல்லவில்லை. சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் வகுத்த 8 வாரத் தியானப் பயிற்சி ஒன்று உண்டு. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்து தேறியவர்களுக்கு, அது மறுபடி வராமல் தடுப்பதுதான் அதன் முதல் நோக்கம். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று மனம் ஆரம்பிக்கும்போது, அதோடு மல்லுக்கட்டாமல், 'சரி, பழைய எண்ணம் வந்திருக்கிறது' என்று கவனித்துவிட்டு மூச்சுக்குத் திரும்பப் பழக்குவார்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தப் பயிற்சியோடு மாத்திரையைக் குறைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்பியது. பெரிய வித்தியாசமில்லை. முகாம் விளம்பரத்தில் இதுவரைதான் வரும். மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைத்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சிறுவயதில் கொடுமை அனுபவித்தவர்கள், காதில் குரல் கேட்பவர்கள், அளவுகடந்த உற்சாகம் வந்து தூக்கமே இல்லாமல் திரிந்தவர்கள், இவர்கள் நாள் முழுக்கக் கண்ணை மூடி மௌனமாக உட்காரவே கூடாது. அடக்கி வைத்த நினைவெல்லாம் ஒரேயடியாக மேலே வரலாம், பேசவும் ஆளிருக்காது. தியானம் வேண்டுமென்றால் கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் படுவதைக் கவனித்து, சில நிமிடம் போதும். அதுவும் சிகிச்சை தருபவருக்குத் தெரிந்து. முகாமில் சேரும்போது இதையெல்லாம் உங்களிடம் யாராவது கேட்டார்களா?

பிரார்த்தனை ஆறுதல் தந்தால் தாராளமாகச் செய்யுங்கள். 'நம்பிக்கை குறைந்ததால்தான் நோய்' என்பவரிடமிருந்து மட்டும் விலகிவிடுங்கள்.

மருத்துவர்களான எங்கள் தரப்பிலும் குறை இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறோம். எத்தனை மாதம், எப்படி நிறுத்துவது என்று சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது அந்த இரண்டையும் கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நடுவில் உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். முகாமுக்கு முன்பணம் கட்டியிருந்தால், போனால் போகட்டும்.