லாரியின் முன்பக்க வேலைக்கு நகையை வைக்கலாமா?

கேள்வி: ஐயா, நீடாமங்கலம் பக்கம் சொந்தமாக ஒரு ஆறு சக்கர லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். பன்னிரண்டு வருஷ வண்டி, கடன் பாக்கி இல்லை. கொள்முதல் நிலையத்து நெல் மூட்டைதான் முக்கியமான லோடு. கொஞ்ச நாளாக ஸ்டீயரிங் ஆடுகிறது, முன் டயர் இரண்டும் ஒருபக்கமாகத் தேய்ந்துவிட்டன. ஆடி மாதம் தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) செட் இரண்டு பக்கமும் 7,500, டை ராடு எண்டும் டிராக் லிங்கும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டுகள்) 6,000, ஸ்பிரிங் புஷ், ஷேக்கிள் பின் (ஸ்பிரிங்கை மாட்டும் பாகங்கள்) 5,000, மெயின் பட்டை (ஸ்பிரிங்கின் முதல் தகடு) ஒன்று 5,000, ஷாக் அப்சார்பர் இரண்டு 5,500, கூலியும் லேத் வேலையும் 11,000, அலைன்மென்ட் (சக்கரங்களை நேராக நிறுத்தும் வேலை) 1,500. ஆக 41,500. புது டயர் இரண்டுக்கு 42,000 தனி. கையில் இருப்பது 22,000. இப்போதைக்கு டயரை மட்டும் மாற்றிக்கொண்டு மற்றதை அறுவடை முடிந்து பார்க்கலாமா? மூணு வட்டிக்குத் தர ஒருவர் இருக்கிறார். மனைவி நகையை வைக்கச் சொல்கிறார். மச்சான் வண்டியையே விற்கச் சொல்கிறார்.

பதில்: டயரை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தத் தவறு நடந்தது. அப்பா கும்பகோணத்தில் ஒற்றை லாரி வைத்திருந்தார். முன்பக்கம் ஆடும்போதே புது டயர் போட்டார். நான்காவது மாதம் உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. பட்டறைச் செலவு அப்படியே நிற்க, டயர் காசு இரண்டாம் தடவையும் போயிற்று.

உங்கள் டயர் தானாகத் தேயவில்லை. கிங் பின் புஷ்ஷும் டை ராடு எண்டும் தேய்ந்தால் சக்கரம் நேராக நிற்காது. ரோட்டில் உருளும்போதே கொஞ்சம் இழுபடும். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் அரம் போலவும் இருந்தால் அது இழுபட்ட தேய்மானம். அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போதும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் கிங் பின். நின்றுவிட்டால் வீல் பேரிங்தான் லூஸ், அதற்குச் செலவு குறைவு. பணத்தைப் புரட்டுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைப் பட்டறையில் உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள்.

கிங் பின்தான் என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாகவே செய்ய வேண்டும். ஒரு பக்கம் இப்போது, மறுபக்கம் சித்திரையில் என்றால் கூலியும் அலைன்மென்ட்டும் இரண்டு தடவை ஆகும். மெயின் பட்டையை ஒருபுறம் மட்டும் மாற்றுவது தவறில்லை. ஆனால் மறுபுறத்துப் பட்டையின் வளைவையும் அதே அளவுக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். இந்தப் பட்டியலில் தள்ளிப்போடக் கூடியது ஷாக் அப்சார்பர் ஒன்றுதான், அதுவும் எண்ணெய் கசியாமல் இருந்தால். அந்த 5,500 போனால் 36,000.

டயரிலும் கொஞ்சம் காலம் வாங்கலாம். கம்பி தெரியாமல், விரிசல் இல்லாமல் இருந்தால், அலைன்மென்ட் முடிந்தபின் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டு ஓட்டலாம். கம்பி தெரிந்தால் பேச்சே வேண்டாம், அன்றைக்கே மாற்றுங்கள். வாய்க்கால் கரையில் லோடோடு போகும்போது முன் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எஸ்டிமேட்டையும் புதிதாக வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான உதிரி பாகங்களுக்கும் லாரி டயருக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. உங்களிடம் இருப்பது அதற்கு முந்தைய ஆடி மாதத்துக் கணக்கு. அந்த விலைகள் வரியோடு சேர்ந்தவை என்றால், ஷாக் அப்சார்பரும் மெயின் பட்டையும் நீங்கலான பாகங்களில் சுமார் 1,400 ரூபாயும், டயரில் சுமார் 3,300 ரூபாயும் இறங்க வேண்டும். பில்லோடு கேட்டு வாங்குங்கள்.

சரி, பணம். மூணு வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். மொத்தம் 83,500 ரூபாயையும் அப்படி வாங்கினால் மாதம் 2,505 ரூபாய் வட்டிக்கே போகும், முதல் அப்படியே நிற்கும். அது வேண்டாம். இப்போது தேவை அந்த 36,000 மட்டும். அதற்குக் கையிருப்பில் 12,000 எடுங்கள். பாக்கி 10,000 டீசலுக்கும் வீட்டுக்கும் இருக்கட்டும். மீதி 24,000-க்கு வங்கியில் நகைக்கடன். ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 200 ரூபாய்தான். உங்கள் மனைவி சொன்னதுதான் சரியான வழி. நகை அவருடையது என்பதால், எந்த மாதம் மீட்டுத் தருவீர்கள் என்று அவரிடம் தேதி சொல்லிவிட்டு எடுங்கள். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் நெல் ஓடும். மாதம் 8,000 கட்டினால் பங்குனியில் முதல் முடிந்துவிடும். டயருக்கு அதற்கப்புறம் சேருங்கள்.

மச்சான் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஸ்டீயரிங் ஆடும் வண்டியை வாங்க வருகிறவர் மெக்கானிக்கோடுதான் வருவார். 36,000 ரூபாய் வேலைக்கு அதற்கு மேலேயே விலையில் கழிப்பார். சீசன் தொடங்கும் நேரத்தில் கையில் வண்டியும் இருக்காது. இன்ஷூரன்ஸையும் நம்ப வேண்டாம், தேய்மானத்துக்கு அது பணம் தராது. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்றுக்கான சோதனை) உண்டு, அங்கேயும் இந்த ஆட்டத்தைப் பார்ப்பார்கள். எப்படியும் செய்தாக வேண்டிய வேலை.

இதை எதிர்பாராத செலவாக நினைக்காதீர்கள். உங்கள் வண்டி 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இந்த வேலை கேட்கிறது என்று வைத்தால், முழுச் செலவு 41,500-க்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 70 பைசா. டயருக்கும் அதே கணக்கில் 70 பைசா. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் 4,200 ரூபாய். நகைக்கடன் முடிந்த மாதத்திலிருந்து இதைத் தனிக் கணக்கில் போடுங்கள். லோடு வாடகை பேசும்போதும் இந்த 1.40 ரூபாய் உங்கள் மனக்கணக்கில் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பலர் டீசலையும் ஆள் கூலியையும் மட்டும் கழித்துவிட்டு மீதியை லாபம் என்கிறார்கள்.

தேய்மானத்தைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. கொள்முதல் நிலையங்களுக்குப் போகும் மண்பாதையில் சேறும் தண்ணீரும் புஷ்ஷுக்குள் போகும். சீசனில் வாரம் ஒருமுறை கிரீஸ் அடியுங்கள், பழைய கறுப்பு கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை. கேபினை ஒட்டி இரண்டு வரிசை கூடுதலாக 40 கிலோ மூட்டை அடுக்கினால் அந்தப் பாரம் நேராக முன் ஆக்சிலுக்குத்தான் வரும். அதிக பாரத்தில் பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000.

பொங்கலுக்கு முன்னால் வண்டியைப் பட்டறையில் விடுங்கள். வேலை முடிந்து முதல் இரண்டு லோடு அடித்ததும் திரும்பக் கொண்டுபோய் யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் போல்ட்) நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். புதுப் பட்டை பாரத்தில் படிந்ததும் அவை தளரும்.